சுவரோடு ஆடுவோம், வாருங்கள்!

உங்களிடம் பழைய டென்னிஸ் மட்டை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வசிப்பது ஒரகடத்துக்கு அருகில் வடக்குப்பட்டு போன்ற ஓர் ஊர். அண்ணனுக்குக் காலை ஷிப்டு. அக்காவுக்கு இரவு ஷிப்டு. உங்களோடு ஆட யாருக்கும் நேரம் இல்லை. பக்கத்தில் ஆடுகளமும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. மட்டையைப் பரண்மேல் போட்டுவிட வேண்டியதுதானா?

வேண்டாம். ஆடுகளம் எல்லா ஊரிலும் இராது. ஆனால் சுவர் இல்லாத ஊர் உண்டா? ஒரு சுவர், ஒரு பந்து, ஒரு சாக்குக்கட்டி, நாள்தோறும் ஒரு மணி நேரம் இருந்தால் போதும், ஆட்டத்தின் பெரும்பகுதியைக் கற்றுவிடலாம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பலர் கடுமையாகப் பயின்றும் முன்னேறாமல் போவதற்குக் காரணம் உழைப்பின் குறைவன்று; பயிலும் முறையில் உள்ள பிழையே. அந்த முறைகளையும் அவற்றுக்குப் பின்னால் உள்ள அறிவியலையும் இங்கே காண்போம்.

நம் மண்ணின் ஆட்டக்காரர்கள்

டென்னிஸ் நமக்குப் புதிதன்று. 1937இல் நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன், தம் தந்தை டி.கே.ராமநாதனிடமே ஆட்டம் பயின்றவர். 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்ற அவர், 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். அவருடைய மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979இல் அதே சிறுவர் பட்டத்தை வென்றார். அமிர்தராஜ் குடும்பத்தார் பிரிட்டானியா நிறுவனத்தின் துணையுடன் 1985இல் சென்னையில் ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார்கள். அங்கே பயின்ற லியாண்டர் பயஸ் 1990இல் அப்பட்டத்தை வென்றார். பின்னர் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கமும் பெற்றார்.

இவர்களில் ரமேஷின் ஆட்டம் நாம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. அவருடைய சர்வீஸ் வேகமானதன்று. அவருடைய வலிமையெல்லாம் நினைத்த இடத்தில் பந்தை மென்மையாக வைப்பதில்தான் இருந்தது. 1989 ஆஸ்திரேலியப் போட்டியில், அப்போது உலகின் முதல்நிலை வீரராக இருந்த மேட்ஸ் விலாண்டரை அவர் வீழ்த்தினார். புயத்தின் பலம் மட்டுமே ஆட்டம் ஆகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

முதலில் பந்தை அறிவோம்

டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம் வரை இருக்கலாம். அதை 254 செ.மீ. உயரத்திலிருந்து கடினமான தரையில் விட்டால், 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும் என்பது விதி. அதாவது விழுந்த உயரத்தில் ஏறத்தாழ 53 முதல் 58 விழுக்காடு வரை. மீதி ஆற்றல் எங்கே போயிற்று? தரையில் மோதும்போது பந்து நசுங்கி மீண்டும் விரிகிறது. அப்போது ரப்பருக்குள் ஏற்படும் உராய்வில் ஒரு பகுதி ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. ஒரகடம் சாலையில் விரைந்து ஓடும் லாரியின் டயர் சூடாவதற்கும் முக்கியக் காரணம் இதுவே. அங்கேயும் ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிகிறது அல்லவா?

ஒரு சோதனை செய்து பாருங்கள். சுவரில் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். அங்கிருந்து பந்தைக் கைவிட்டு, எவ்வளவு எழும்புகிறது என்று நண்பரைக் குறிக்கச் சொல்லுங்கள். நல்ல பந்து 106 முதல் 116 செ.மீ. வரை எழும்பும். பழைய பந்து அதற்கும் கீழேயே நின்றுவிடும். உள்ளே அடைபட்ட காற்று நாளடைவில் கசிந்துவிடுவதே காரணம். பந்தைச் சிறிது நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்துச் சோதித்தால் இன்னும் குறைவாக எழும்பும்.

பழைய பந்து கிடைத்ததே என்று வருந்த வேண்டாம். தொடக்க நிலையினருக்கு அதுவே நல்லது. 10 வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டிகளில் வேகம் குறைந்த பந்துகளையே பயன்படுத்த வேண்டும் என்று பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பு 2012 முதல் விதித்திருக்கிறது. பந்து தோளுக்கு மேல் எகிறாமல் இடுப்பளவில் வந்தால்தான் சிறுவர்கள் சரியான அசைவைக் கற்க முடியும். நிறுவனங்கள் தனியாகச் செய்து விற்பதை, காலம் உங்களுக்கு இலவசமாகச் செய்து கொடுத்திருக்கிறது!

சுவர் போடும் கணக்கு

வலையின் நடுப்பகுதி 91 செ.மீ. உயரம். சுவரில் அந்த உயரத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கிடைக்கோடு போடுங்கள். அதுவே உங்கள் வலை. கோட்டுக்கு அரை மீட்டர் மேலே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சதுரங்கள் வரையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் அகலம் இருக்கட்டும். அவை உங்கள் இலக்குகள். சுவரிலிருந்து 6 மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஆடுகளத்தில் வலைக்கும் சர்வீஸ் கோட்டுக்கும் இடையே உள்ள தூரமும் ஏறத்தாழ அதுதான் (6.40 மீட்டர்).

வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் அடித்த பந்து 0.4 வினாடியில் சுவரைத் தொடும். மோதலில் வேகம் ஏறத்தாழ முக்கால் பங்காகக் குறைவதால், திரும்பி வர அரை வினாடிக்கு மேல் ஆகும். காற்றின் தடையையும் தரையில் பட்டு எழும் நேரத்தையும் சேர்த்தால், ஒன்றரை வினாடிக்கு ஓர் அடி என்று கொள்ளலாம். 10 நிமிடத்துக்கு 400 அடிகள்! பந்தைத் துரத்துவதில் பாதி நேரம் போனாலும் 200 அடிகள் மிஞ்சும். ஆடுகளத்தில் ஒருவரோடு ஆடினால் இதில் பாதி கிடைப்பதே அரிது. சுவர் களைப்பதில்லை, 'நாளை வருகிறேன்' என்று சொல்வதுமில்லை.

இத்தனை அடிகள் எதற்கு என்று கேட்கலாம். இன்னொரு கணக்கைப் பாருங்கள். ஆடுகளத்தின் நீளம் 23.77 மீட்டர், ஒற்றையர் ஆட்டத்துக்கான அகலம் 8.23 மீட்டர். ஒரு கோடியின் நடுவிலிருந்து எதிர்க்கோடியின் நடுவை நோக்கி அடித்த பந்து 10 பாகை விலகினால் கோட்டுக்கு வெளியே போய்விடும். நல்ல ஆட்டக்காரரின் மட்டை, தோளை மையமாகக் கொண்டு சுமார் ஒரு மீட்டர் ஆரத்தில், வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் சுழல்கிறது என்று கொண்டால், அது 10 பாகை திரும்ப ஆகும் நேரம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் 9 பங்குதான். அந்த அளவு முந்தினாலோ பிந்தினாலோ அடி தவறிவிடும்.

ஆனால் நாம் ஒன்றைக் கண்டு கை அசைக்கவே ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. ஆகவே, வீசத் தொடங்கிய மட்டையைக் கடைசி நொடியில் பார்த்துத் திருத்த முடியாது. பந்து எங்கே வரும் என்பதை மூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது. கணித்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு, அடுத்த அடியைச் சிறிது திருத்துகிறது. இந்தத் திருத்தத்தில் சிறுமூளைக்குப் பெரும்பங்கு உண்டு. 'கைக்கு வந்துவிட்டது' என்று நாம் சொல்வது உண்மையில் இந்தக் கணிப்பு செம்மைப்பட்டதைத்தான்.

இதிலிருந்து பிறப்பதே நம் முதல் பயிற்சி. அடிக்கும் முன் 'இடம்' அல்லது 'வலம்' என்று வாய்விட்டுச் சொல்லி, அந்தச் சதுரத்தை நோக்கி அடியுங்கள். பந்து எங்கே பட்டது என்று கவனியுங்கள். இலக்குச் சொல்லாமல் அடித்த 400 அடிகளைவிட, சொல்லி அடித்த 100 அடிகள் மேலானவை. இலக்கு இல்லையேல் பிழை தெரியாது. பிழை தெரியாவிட்டால் மூளை எதைத் திருத்தும்?

நியூட்டன் கண்ட வளைவு

பந்தைக் கீழிருந்து மேலாக வருடி அடித்தால் அது முன்னோக்கிச் சுழன்றபடி செல்லும். இப்படிச் சுழலும் பந்து, சுழலாத பந்தைவிட விரைவாகக் கீழே வளைந்து விழும். சாய்வாக அடித்த டென்னிஸ் பந்து வளைந்து செல்வதைத் தாம் பலமுறை கண்டதாக ஐசக் நியூட்டன் 1672இல், ஒளியைப் பற்றிய தம் கட்டுரையிலேயே குறிப்பிட்டிருக்கிறார். சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றை மேல்நோக்கித் திருப்பிவிடுகிறது. எதிர்வினையாகக் காற்று பந்தைக் கீழே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிதான். இதை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞரின் பெயரால் மேக்னஸ் விளைவு என்கிறோம்.

இதனால் என்ன பயன்? வலைக்கு மேலே தாராளமாக இடம் விட்டு அடித்தாலும் பந்து எல்லைக்குள் விழும். பயிற்சிக்கு, மட்டையின் தலையை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தி, பந்தைத் தொட்டபின் அது எதிர்த்தோளுக்கு மேலே போய் முடியுமாறு வீசுங்கள். பந்தில் மையினால் ஒரு பட்டை வரைந்துகொண்டால் சுழற்சி கண்ணுக்குத் தெரியும்.

சர்வீஸ்: எறிதலில் இருக்கிறது பாதி

சர்வீஸ் போடும்போது பந்தை எவ்வளவு உயரம் எறிய வேண்டும்? மேலே எறிந்த பந்து உச்சியை நெருங்க நெருங்க வேகம் குறைந்து, உச்சியில் ஒரு கணம் நின்று, பிறகு விழுகிறது. உச்சிக்குக் கீழே 5 செ.மீ. எல்லைக்குள் அது ஏறி இறங்க 0.2 வினாடி ஆகிறது. மாறாக, உச்சியிலிருந்து அரை மீட்டர் விழுந்துவிட்ட பந்து வினாடிக்கு 3 மீட்டருக்கு மேல் வேகம் பெற்றிருக்கும். அதே 5 செ.மீ. தூரத்தை அது 0.02 வினாடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். ஆகவே, மட்டை எட்டும் உயரத்துக்குச் சற்று மேல் வரை எறிந்து, உச்சியை ஒட்டி அடிப்பவருக்குக் காலப்பிழை பெரிதாகத் தெரியாது. வானளாவ எறிபவர் தமக்குத் தாமே கடினம் தேடிக்கொள்கிறார்.

பயிற்சி எளிது. முன்காலுக்குச் சற்று முன்னால் தரையில் ஒரு தட்டை வையுங்கள். மட்டையை வீசாமல் பந்தை மட்டும் எறியுங்கள். அது தட்டில் விழ வேண்டும். 10இல் 8 முறை விழும்வரை மட்டைக்கு வேலை கொடுக்காதீர்கள்.

கால்கள் முந்தட்டும்

இதற்கு ஒரு நண்பர் வேண்டும். அவர் உங்களிடமிருந்து 3 மீட்டர் தள்ளி, இரு கைகளிலும் பந்துகளைத் தோள் உயரத்தில் நீட்டிப் பிடித்து நிற்கட்டும். சொல்லாமல் ஏதேனும் ஒன்றைக் கைவிடட்டும். அது இரண்டாம் முறை தரையில் படுவதற்குள் நீங்கள் ஓடிப் பிடிக்க வேண்டும். தோள் உயரம் 1.4 மீட்டர் என்றால் உங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1.3 வினாடி. எந்தப் பந்து என்று அறிவதில் கால் வினாடி போனால், ஓட மீதம் ஒரு வினாடிதான்! தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

சுவரின் குறை ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் பந்தை மட்டும் பார்ப்பதில்லை. எதிராளியின் தோள், இடுப்பு, மட்டையின் சாய்வு ஆகியவற்றைக் கண்டு, பந்து புறப்படும் முன்பே அதன் திசையை ஊகிக்கிறார்கள். ஆட்டக் காட்சிகளைப் பந்து அடிபடுவதற்குச் சற்று முன் நிறுத்திக் காட்டி நடத்திய ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தியுள்ளன. சுவருக்குத் தோளும் இல்லை, இடுப்பும் இல்லை. ஆகவே வாரத்தில் ஒரு நாளாவது மனிதரோடு ஆடுங்கள். அண்ணனின் வார விடுமுறை எதற்கு இருக்கிறது?

பயிற்சி செய்யும் பொய்

இப்போது மிக முக்கியமான செய்திக்கு வருகிறோம். ஃபோர்ஹேண்டு 100, பிறகு பேக்ஹேண்டு 100, பிறகு வாலி 100 என்று ஒவ்வொன்றாக முடிப்பதா? மூன்றையும் கலந்து அடிப்பதா? முதல் முறையில் அடிகள் சரசரவென்று விழும், மனம் குளிரும். இரண்டாம் முறையில் தடுமாறுவீர்கள், எரிச்சல் வரும்.

1979இல் ஷே, மார்கன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினர். மாணவர்கள் கையில் ஒரு டென்னிஸ் பந்தைப் பிடித்துக்கொண்டு, சிறு மரத்தடுப்புகளைக் குறித்த வரிசையில் தட்டிவிட வேண்டும். வரிசைகள் மூன்று. ஒரு குழு ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியே பயின்றது. மறு குழு கலந்து பயின்றது. பயிற்சியின்போது முதல் குழுவே முன்னணியில் இருந்தது. ஆனால் சில நாள்கள் கழித்துச் சோதித்தபோது, கலந்து பயின்றவர்களே சிறந்து விளங்கினர். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிப்பவருக்கு மூளை ஒருமுறை திட்டமிட்டால் போதும். மாற்றி மாற்றி அடிப்பவருக்கோ ஒவ்வொரு முறையும் புதிதாகத் திட்டமிட வேண்டியிருக்கிறது. ஆட்டத்தில் நாம் செய்ய வேண்டியதும் அதுதானே?

இதற்கு ஒரு வரம்பும் உண்டு. அசைவே தெரியாத புதியவர் முதல் சில நாள்கள் ஒன்றையே திரும்பச் செய்வதில் தவறில்லை. ஆடுகளத்தில் நடத்திய பிற்கால ஆய்வுகளில் இந்த வேறுபாடு அவ்வளவு பெரிதாகத் தெரியவுமில்லை. ஆயினும் அசைவு பிடிபட்டவுடன் கலந்து பயில்வதே நலம்.

நேரத்துக்கும் இதே நீதிதான். விசைப்பலகையில் தட்டச்சு கற்ற பிரிட்டிஷ் அஞ்சல் ஊழியர்களைப் பற்றி 1978இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. நாளுக்கு ஒரு மணி நேரம் பயின்றவர்கள், நாளுக்கு 4 மணி நேரம் பயின்றவர்களைவிட மொத்தத்தில் குறைந்த மணிகளிலேயே அத்திறனைப் பெற்றார்கள். வேடிக்கை என்னவென்றால், தங்கள் பயிற்சி முறை பிடிக்கவில்லை என்று அதிகம் குறைபட்டவர்களும் அவர்களே! நாள்கள் கூடுதலாகச் சென்றதால் தாங்கள் பின்தங்கியதாக அவர்களுக்குத் தோன்றியது.

ஆகவே, இன்று எவ்வளவு நன்றாக அடித்தோம் என்பதைக் கொண்டு கற்றதை அளக்காதீர்கள். 'எனக்கு வரவில்லை, எனக்கு அந்தத் திறமை இல்லை' என்று மட்டையைக் கீழே வைத்த எத்தனையோ பிள்ளைகள், உண்மையில் சரியான பாதையின் நடுவில் நின்றிருக்கிறார்கள். வாரம் ஒருமுறை, பயிற்சி தொடங்கும் முன், 20 அடிகளில் எத்தனை இலக்கில் பட்டன என்று எழுதி வையுங்கள். அந்த எண்தான் மெய் பேசும்.

முழங்கைக்கு ஓர் எச்சரிக்கை

மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கும் தசைகள் முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் வந்து இணைகின்றன. அந்த இணைப்புக்கு மீண்டும் மீண்டும் அதிகச் சுமை ஏறும்போது வலி உண்டாகிறது. இதற்கு 'டென்னிஸ் முழங்கை' என்று பெயர். பெயர்தான் டென்னிஸ், இதனால் துன்புறுவோரில் பெரும்பாலோர் மட்டையையே தொடாதவர்கள். நாள் முழுதும் திருப்புளி சுழற்றுவோர், வண்ணம் பூசுவோர், தச்சர் ஆகியோருக்கும் இது வரும். உங்கள் வீட்டில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர் முழங்கை வலி என்று சொன்னால் அலட்சியம் செய்யாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மட்டையை இறுகப் பற்றாதீர்கள். சிட்டுக்குருவியைப் பிடிப்பது போலப் பிடியுங்கள். பேக்ஹேண்டில் பந்தை உடலுக்கு முன்னாலேயே சந்தியுங்கள். அடிகளின் எண்ணிக்கையை வாரத்துக்கு வாரம் மெதுவாகக் கூட்டுங்கள். வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு இன்னும் மென்மையாகவே இருக்கும். தோள் வலித்தால் அன்றைக்குச் சர்வீஸ் வேண்டாம்.

இன்னும் இரண்டு சொற்கள். கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையோரச் சுவர் எவ்வளவு நேராக இருந்தாலும் வேண்டாம்; ஓடும் பந்தின் பின்னால் போகும் கண் வண்டியைப் பார்க்காது. சித்திரை, வைகாசி வெயிலில் காலை 8 மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் இடையிடையே தண்ணீர் குடியுங்கள்.

ஒரு மணி நேரத் திட்டம்

முதல் 10 நிமிடம்: மெல்லோட்டம், கைகால்களைத் தளர்த்துதல், மட்டையின் மேல் பந்தைத் தட்டுதல்.

அடுத்த 15 நிமிடம்: 6 மீட்டரிலிருந்து இலக்குச் சொல்லி அடித்தல். பந்து இருமுறை தரையில் பட்டாலும் பரவாயில்லை.

அடுத்த 15 நிமிடம்: ஃபோர்ஹேண்டு, பேக்ஹேண்டு, வாலி மூன்றையும் கலந்து அடித்தல்.

அடுத்த 10 நிமிடம்: பந்தெறிதலும் சர்வீஸும்.

கடைசி 10 நிமிடம்: நண்பருடன் பந்து பிடித்தல், பிறகு மெல்ல நடந்து ஓய்தல்.

2022இல் இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறை வடக்குப்பட்டில் அகழ்வாய்வு நடத்தியபோது, பண்டைய மனிதர் செய்த கற்கருவிகள் கிடைத்தன. கல்லைக் கல்லால் அடித்துக் கூராக்குவது எளிதன்று. சாய்வு சற்றுத் தவறினாலும் வேண்டாத இடத்தில் உடைந்துபோகும். அதைச் செய்தவர்களும் ஒரே நாளில் கற்றிருக்க மாட்டார்கள். அடித்து, தவறி, பார்த்து, திருத்தியே கற்றிருப்பார்கள். அவர்களுக்கு இருந்த அதே கையும் அதே மூளையும்தான் உங்களுக்கும் இருக்கின்றன. அவர்களுக்கு இல்லாத ஒரு சாக்குக்கட்டியும் இருக்கிறது. நாளைக் காலை ஒரு நல்ல சுவரைப் பார்த்து வையுங்கள். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு கோட்டைப் போடுங்கள்.